தீவுக்குப் போய் அன்றே திரும்ப: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு படகுப் பயணக் குறிப்பு

நானுஓயா புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து எந்தத் திசையில் இறங்கினாலும் கடலைக் காண அரை நாளாவது வேண்டும். தோட்டங்களில் வளரும் பிள்ளைகளில் பத்து, பன்னிரண்டு வயதாகியும் கடலை நேரில் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். இவர்களைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போக வேண்டும், நயினாதீவு அம்மனைக் கும்பிட வேண்டும், முடிந்தால் நெடுந்தீவையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது பல லயங்களில் இருக்கிறது. செய்தி வேலையாக நான் வடக்குக்குப் போய்வருவதால், எப்படிப் போவது, எந்த மாதம் நல்லது, சின்னப் பிள்ளைகளைப் படகில் ஏற்றலாமா என்ற கேள்விகள் என்னிடம் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைப்பதுதான் இந்தக் கட்டுரை.

வழிகாட்டிப் புத்தகங்களில் பெரும்பாலும் இல்லாத ஒரு விடயத்தையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நாம் ஒரு நாள் ஏறிப் பார்க்கும் படகு, தீவு மக்களுக்கு அன்றாட வீதி. அதை மனதில் வைத்துக்கொண்டால் பயணத்தின் பாதிச் சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

மலையிலிருந்து யாழ்ப்பாணம் வரை

கோச்சியில் போவதானால் நானுஓயாவில் ஏறி, ஹட்டன், நாவலப்பிட்டி, கடுகண்ணாவை வழியாகப் பொல்கஹவெல சந்தியில் இறங்க வேண்டும். மலையகப் பாதையும் வடக்குப் பாதையும் பிரியும் இடம் அதுதான். அங்கிருந்து குருநாகல், மாகோ, அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம். கொழும்புக் கோட்டை வரை போய் மாறிக்கொள்வோரும் உண்டு. அது சுற்றுவழி என்றாலும், பிள்ளைகளோடு போகிறவர்கள் புறப்படும் நிலையத்திலேயே ஏறி இருக்கை பிடிக்கலாம்.

வடக்குப் பாதை 1990 இல் போரால் நின்றுபோனது. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் கோச்சி வந்தது 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் மலையகத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு யாழ்ப்பாணம் வானொலிச் செய்தியில் மட்டுமே இருந்த ஊர்.

வீதியால் போவதானால் கண்டிக்கு இறங்கி ஏ 9 வீதியைப் பிடிக்க வேண்டும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போவதே தோட்டங்களில் வழக்கம். இரவில் புறப்பட்டு விடியும்போது யாழ்ப்பாணத்தில் இருக்கலாம். ஆனால் இரவு முழுவதும் ஓட்டிய சாரதியை அன்றைக்கே தீவகத்துக்கும் ஓட்டச் சொல்வது நல்லதல்ல. முதல் நாள் நல்லூர், யாழ் நூலகம், கோட்டை என்று நகரத்திலேயே இருந்துவிட்டு, இரண்டாம் நாள் காலையில் தீவுக்குப் போவது சரியான ஒழுங்கு.

பல குடும்பங்கள் வழியில் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஓர் இரவு தங்குகின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்முறைகளால் தோட்டங்களை விட்டு ஓடிய ஆயிரக்கணக்கானோர் வன்னியில் குடியேறினார்கள். காடு வெட்டிக் காணி திருத்திய அவர்களும் 2009 வரையான இடப்பெயர்வுகள் எல்லாவற்றையும் அனுபவித்தவர்கள்தான். அதனால் தீவுப் பயணம் என்று புறப்படுவது பெரியம்மா வீட்டையும் மாமா வீட்டையும் தேடிப் போவதாகவும் ஆகிவிடுகிறது. அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

குறிகட்டுவான் துறை

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளைச் சப்ததீவுகள் என்பார்கள். வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன அவை. முதல் மூன்றுக்கும் தரைவழி உண்டு. மற்ற நான்குக்கும் கடல்வழி மட்டுமே.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் இடம் புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர். பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று பாதை போகும். யாழ் பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. இருபுறமும் ஆழமில்லாத கடல், நடுவில் வீதி. முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். பேருந்துக்குக் காலை ஆறு மணிக்கு முன்னரே போய்விடுவது நல்லது. வெயில் ஏற முன்னர் கடலைக் கடக்கலாம், கூட்டமும் குறைவாக இருக்கும்.

எந்தத் தீவு, யாருக்கு

நயினாதீவு: கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு ஏற்றது இது. படகில் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இறங்கினால் எதிரிலேயே நாகபூசணி அம்மன் கோவில். சிறிது தூரத்தில் நாகவிகாரை. அடியார்கள் அம்மன் கோவிலைச் சக்தி பீடங்களில் ஒன்றாகக் கொள்கிறார்கள். புத்தர் நாகதீபத்துக்கு வந்து நாக அரசர் இருவரின் சண்டையைத் தீர்த்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவே என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. கோவிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வந்தது அந்தக் கதையால்தான். மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஆனி மாத மகோற்சவ நாட்களிலும் போயா விடுமுறைகளிலும் தென்பகுதியிலிருந்தும் பெருங்கூட்டம் வரும். படகுக்கு வரிசையில் நிற்கவே மணிக்கணக்காகும்.

நெடுந்தீவு: குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் கடற்பயணம். நடுக்கடலில் படகு ஆடும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போவது நல்லது என்பது என் எண்ணம். தீவு பெரியது, ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நடந்து பார்க்க முடியாது. இறங்குதுறையில் முச்சக்கர வண்டியோ சிறிய வாகனமோ பேசிக்கொள்ள வேண்டும். பவளப் பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகள், அதே கல்லில் எழுந்து இடிந்து நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை, பெருக்க மரம், வெட்டவெளியில் கூட்டமாகத் திரியும் கட்டைக் குதிரைகள் ஆகியவை பார்க்க வேண்டியவை. குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் இங்கே வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை சாவதும் உண்டு. நன்னீர் தீவு மக்களுக்கே தட்டுப்பாடு. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், வெற்றுப் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். திரும்பும் படகு பிற்பகலிலேயே புறப்பட்டுவிடும். போய் இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனலைதீவும் எழுவைதீவும்: இவற்றுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகு. இரண்டும் சின்னஞ்சிறு கிராமங்கள். சுற்றுலாக் கடைகளோ தங்குமிடங்களோ எதிர்பார்த்துப் போகக் கூடாது. அங்கே உறவோ நட்போ இருந்தால் மட்டும் போவது மரியாதை.

ஊர்காவற்றுறை – காரைநகர் பாதை: நேரமும் பணமும் குறைந்தவர்களுக்கு இதைச் சொல்வேன். ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த நீரிணையைக் கடக்கும் மிதவை இது. இங்குள்ளவர்கள் இதைப் "பாதை" என்றே அழைக்கிறார்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிளோடு மக்கள் ஏறிக்கொள்வார்கள். கடக்கும்போது நீருக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். அக்கரையில் இறங்கினால் காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போகலாம். கடலில் கால் நனைக்க யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் அதுதான். பாதை பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு. விசாரித்துவிட்டுப் போங்கள்.

கச்சதீவு இந்தப் பட்டியலில் சேராது. ஆண்டுக்கு ஒருமுறை, பெப்ரவரி அல்லது மார்ச்சில், புனித அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் போகலாம். அதற்குப் பதிவும் ஓர் இரவுத் தங்கலும் வேண்டும்.

காற்றைப் பார்த்து நாள் குறிப்பது

தோட்டங்களில் விடுமுறை என்றால் தீபாவளிதான் முதலில் நினைவுக்கு வரும். முற்பணமும் கையில் இருக்கும். ஆனால் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வடக்கில் மழை தொடங்கும், வாடைக்காற்று எழும். தை மாதம் வரை கடலை நம்ப முடியாது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்றிலும் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை இந்தக் காலத்தில்தான் வருகிறது. நல்லூர்த் திருவிழாவும் அந்த நாட்களை ஒட்டியே வருவதால் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பதும் கடினம்.

மாசி நடுப்பகுதியிலிருந்து சித்திரை வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஆகவே சித்திரைப் புத்தாண்டு விடுமுறையே மலையகக் குடும்பங்களுக்கு ஏற்ற காலம். வெயில் மட்டும் கடுமையாக இருக்கும். குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொப்பியும் பருத்தி உடுப்பும் தண்ணீரும் கட்டாயம். இங்கிருந்து புறப்படும்போது போட்ட ஸ்வெட்டரைப் பொல்கஹவெலவிலேயே கழற்றிப் பையில் வைக்க வேண்டியிருக்கும்.

செலவைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்தே கணக்கிட்டாலும், கணவனும் மனைவியும் மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் 8,100 ரூபாய் இல்லாமல் போகிறது. கோச்சிக் கட்டணமும் சாப்பாடும் அதற்கு மேல். மாதாமாதம் சிறு சீட்டுப் பிடித்து, ஒரு வருடம் சேர்த்துப் போகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவ்வளவு சேமித்துப் போகும் பயணம் காற்றால் தடைப்படக் கூடாது. அதனால்தான் மாதத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

படகில் ஏறும்போது

நயினாதீவுக்கு ஓடும் பழைய மோட்டார் படகுகளில் பயணிகள் இருப்பது பெரும்பாலும் கீழ்த்தட்டில். சிறிய வாசல், தாழ்ந்த கூரை, டீசல் மணம். வாந்தி வரக்கூடியவர்கள் வாசலுக்கு அருகே இருக்கட்டும். கடலேறுவதற்கு முன்னர் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அதற்காக வெறும் வயிற்றோடும் வேண்டாம்.

உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள். "பக்கத்தில்தானே" என்று யாரும் சொன்னால் விட்டுவிடாதீர்கள். பிள்ளைக்குப் பெரியவர்களின் அங்கியைக் கொடுத்தால் கைக்கடியில் நழுவிவிடும். அளவானது இருக்கிறதா என்று பாருங்கள். படகில் ஆள் கூடிவிட்டது என்று தோன்றினால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். எல்லோரும் ஒரே பக்கத்தில் சாய்ந்து படம் எடுக்க வேண்டாம். தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

இந்த எச்சரிக்கை வெறும் பயமுறுத்தல் இல்லை. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் மிதவையில் களப்பைக் கடந்துகொண்டிருந்தார்கள். அது கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அது அகலமான கடல்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் சுற்றுலா வந்தவர்களும் இல்லை. தினமும் போய்வரும் வழியில் போனவர்கள்.

அந்தப் படகு யாருடைய வீதி

நெடுந்தீவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் சிக்கல் என்றால் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடலைக் கடந்துதான் போக வேண்டும். ஆசிரியர்கள், அரச அலுவலர்கள், மீன் விற்போர், வங்கிக்குப் போகும் முதியவர்கள் எல்லோரும் ஏறுவது நாம் ஏறும் படகில்தான். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்கள் அவர்களுக்கு நமது பேருந்து இலக்கங்களைப் போல. நெடுந்தாரகை அவுஸ்திரேலிய அரசின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2017 ஜனவரியில் சேவைக்கு வந்தது. ஒரு படகு பழுதுபார்க்கப் போனால் மிச்சமிருப்பதில் நெருக்கியடித்துக்கொண்டு ஏற வேண்டியதுதான். விடுமுறை நாளில் நாமும் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், வீட்டுக்குப் போக வேண்டியவர் துறையிலேயே நின்றுவிடுவார்.

ஆகவே சில வழக்கங்களைப் பின்பற்றலாம். நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும் வழி விடுங்கள். முப்பது, நாற்பது பேராகப் போவதானால் தனியாகப் படகு பேசிக்கொள்ளுங்கள். சாமான் ஏற்றும்போது கைகொடுங்கள். தேநீரையும் சாப்பாட்டையும் தீவுக் கடையிலேயே வாங்குங்கள். மழைக்கு மண் சரிந்து வீதி மூடினால் நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய தோட்டத்து மக்களுக்கு, ஒரே வழியை நம்பி வாழ்வதென்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் கேட்டால்

குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடலில் 1985 மே 15 ஆம் திகதி காலை, நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து வந்த குமுதினிப் படகைக் கடற்படையினர் மறித்தார்கள். குழந்தைகளும் பெண்களும் முதியவர்களுமாக 30 க்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்தப் படகு பின்னர் திருத்தப்பட்டு அதே வழியில் பல ஆண்டுகள் ஓடியது. வேறு படகு இல்லாத மக்கள், தங்கள் உறவுகள் இறந்த தட்டிலேயே இருந்து பயணம் செய்தார்கள். ஒவ்வொரு மே மாதமும் நெடுந்தீவில் நினைவுகூரல் நடக்கிறது. நினைவுத்தூபிக்கு முன்னால் பிள்ளை "இது என்ன?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அதன் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லலாம், மறைக்க வேண்டாம்.

வடக்கில் படகு என்ற சொல் தனியாக வருவதில்லை. 1990 களில் இருட்டில் கிளாலிக் கடனீரேரியைக் கடந்தவர்கள், 2009 இல் செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் காயக்காரரைப் புதுமாத்தளனிலிருந்து ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர்கள், இந்தக் கட்டுரையை வாசிப்போரிலும் இருப்பார்கள்.

மலையகத்துக்கும் கப்பல் அப்படித்தான். 1914 இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் தொடங்கிய பின்னர் நமது முன்னோரில் பலர் அதில் வந்து இறங்கினார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களில் கேள்வி கேட்கப்பட்டவர் எவரும் இல்லை. அடுத்த ஆண்டுகளில் நானுஓயாவிலும் ஹட்டனிலும் கோச்சியேறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் அழுத அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. 1980 களின் நடுப்பகுதியில் போரால் அந்தக் கப்பலும் நின்றது. என் வயதுக்காரர்களின் தாத்தா, பாட்டிக்குக் கப்பல் என்றால் திரும்பி வராத பயணம்.

இரண்டு பக்கத்து மக்களுக்கும் இப்படி ஒரு கடல் இருக்கும்போது, காலையில் படகேறி, அம்மனைக் கும்பிட்டு, குதிரை பார்த்து, பிற்பகலில் குடும்பத்தோடு முழுசாகத் திரும்பி வருவதைச் சின்ன விடயம் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் திரும்புதல் உறுதியாக இருக்க நல்ல படகும், அளவான ஆட்களும், ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கியும் வேண்டும். ஒருநாள் பயணியாக நாம் அதைக் கேட்டு நின்றால், வருடம் முழுவதும் அதே படகில் ஏறும் தீவுப் பிள்ளைக்கும் அது கிடைக்கும்.

புறப்படுவதற்கு முன்னர் பார்த்துக்கொள்ள வேண்டியவை இவை: கோச்சி ஓடுகிறதா என்று நானுஓயா நிலையத்தில் கேளுங்கள், மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் எச்சரிக்கையை வானொலியில் கேளுங்கள். எச்சரிக்கை இருந்தால் படகு ஓடினாலும் ஏற வேண்டாம். அடையாள அட்டை, தண்ணீர், தொப்பி, மாற்றுடுப்பு, வாந்திக்கு இரண்டு பை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்ற கேள்வியை இறங்கியவுடன் கேட்டு, பதிலை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.